டிஆர்வி8323எஸ் கேட் டிரைவர்: சர்வோ ஆம்ப்ளிஃபயரை எவ்வளவு தூரம் காக்கும்?

24 முதல் 48 வோல்ட் வரை சிறிய சர்வோ ஆம்ப்ளிஃபயர் (நிலையை அளந்து மோட்டாரை நகர்த்தும் மின்சுற்று) கட்டுபவர்களின் பட்டியலில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஆர்வி8323 எப்படியும் வந்து நிற்கும். மூன்று ஃபேஸ் கேட் டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஆறு மாஸ்ஃபெட் சுவிட்சுகளின் கேட் முனைகளை இயக்குவது), கரண்டை அளக்க மூன்று கரண்ட் சென்ஸ் ஆம்ப்ளிஃபயர், 6 முதல் 60 வோல்ட் வரை சப்ளை, 1 ஆம்பியர் தள்ளும் 2 ஆம்பியர் இழுக்கும் கேட் கரண்ட், எல்லாம் ஒரே சில்லில் (சிப்பில்). மோட்டாரைச் சுழற்றும் திறமையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே பார்க்கப் போவது அதன் காவல் வேலையை மட்டும்: எதைப் பிடிக்கிறது, எதைச் சொல்கிறது, எதை நம் தலையில் விட்டுவிடுகிறது.

முதலில் எதை வாங்குவது என்பது. எச் வகையில் அமைப்புகளை ரெசிஸ்டரால் வைக்க வேண்டும். ஃபால்ட் (பழுது) வந்தால் ஒரே ஒரு பின் தாழும், காரணம் தெரியாது. ஆறு மாஸ்ஃபெட்டில் எது, ஷார்ட்டா சூடா கேட் பழுதா, எதுவும் தெரியாமல் பழுது பார்ப்பது இருட்டில் ஊசி தேடுவது போல. கண்காணிப்பு வேண்டும் என்றால் எஸ்பிஐ (கண்ட்ரோலரோடு பேசும் தொடர் தரவு இணைப்பு) உள்ள எஸ் வகைதான். ஆர்எஸ் என்று வருவதில் கூடவே 600 மில்லி ஆம்பியர் பக் ரெகுலேட்டரும் உண்டு. கண்ட்ரோலருக்குத் தனி சப்ளை இல்லாத போர்டுக்கு நல்லது. சில்லின் சொந்த 3.3 வோல்ட் வெளியீடு 30 மில்லி ஆம்பியர்தான் தரும், அதில் என்கோடரை (மோட்டாரின் நிலையைச் சொல்லும் சென்சார்) மாட்ட ஆசைப்பட வேண்டாம். கரண்ட் சென்ஸ் இல்லாத டிஆர்வி8320 சர்வோவுக்கு ஆகாது.

டீஃபால்ட்டில் விட்டால் என்ன ஆகும்

இந்தச் சில்லின் மீது உள்ள பெரிய குறை இதுதான்: பவர் ஆனவுடன் அது இருக்கும் நிலை, காவலுக்கு ஏற்ற நிலை அல்ல.

ஓவர்கரண்ட் ரெஜிஸ்டர் (அமைப்பை வைத்திருக்கும் உள் நினைவிடம்) ஹெக்ஸ் 05 (பதினாறடி எண்) முகவரியில் இருக்கிறது, டீஃபால்ட் மதிப்பு ஹெக்ஸ் 159. பிரித்துப் பார்த்தால்: டெட் டைம் (மேல், கீழ் மாஸ்ஃபெட் மாறும்போது இரண்டும் அணைந்திருக்கும் இடைவெளி) 100 நானோ நொடி, ஓவர்கரண்ட் வந்தால் தானாகத் திரும்ப முயலும் முறை, வடிகட்டும் நேரம் 4 மைக்ரோ நொடி, மாஸ்ஃபெட்டின் டிரெயின்-சோர்ஸ் வோல்டேஜ் வரம்பு 0.75 வோல்ட். டெட் டைமை விட்டுவிடலாம். மற்ற மூன்றும் சேர்ந்தால்தான் வினை.

இந்தச் சில் ஷார்ட்டைப் பிடிப்பது ஷண்ட்டால் (கரண்ட் அளக்கும் மிகச் சிறிய ரெசிஸ்டரால்) அல்ல, ஆன் ஆகியிருக்கும் மாஸ்ஃபெட்டின் இரு முனைக்கும் இடையே விழும் வோல்டேஜை அளந்து. 2 மில்லி ஓம் மாஸ்ஃபெட் என்று வைத்துக்கொள்வோம். 0.75 வோல்ட் விழ 375 ஆம்பியர் ஓட வேண்டும். தொடர்ந்து 15, உச்சத்தில் 40 ஆம்பியர் தரும் ஆம்ப்ளிஃபயருக்கு 375-இல் மணி அடிப்பது வீடு எரிந்த பிறகு மணி அடிப்பதுதான். அதோடு முடியவில்லை. வரம்பைத் தொட்ட பிறகும் 4 மைக்ரோ நொடி காத்திருக்கிறது. மோட்டார் கேபிளின் முனையில் ஷார்ட், சுற்றில் 1 மைக்ரோ ஹென்ரி, சப்ளை 48 வோல்ட் என்றால் கரண்ட் மைக்ரோ நொடிக்கு 48 ஆம்பியர் ஏறும். நாலு மைக்ரோ நொடியில் இன்னும் 192. மாஸ்ஃபெட் அதற்கு முன்பே தன் எல்லையைத் தாண்டியிருக்கும்.

அடுத்தது திரும்ப முயலும் முறை. பெயரைக் கேட்டால் 4 மில்லி நொடிக்கு ஒருமுறை முயலும் என்று தோன்றும். ஆனால் ஹெக்ஸ் 04 ரெஜிஸ்டரின் 10-ஆம் பிட்டில் ஒரு சின்ன விஷயம் ஒளிந்திருக்கிறது: அது 1 ஆக இருந்தால், புதிய பிடபிள்யூஎம் துடிப்பு (மாஸ்ஃபெட்டை ஆன், ஆஃப் செய்யும் சிக்னல்) வந்தவுடனேயே ஃபால்ட் அழிந்துவிடும். டீஃபால்ட்டில் அது 1. ஆக, 20 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் நிஜமான ஷார்ட்டை நொடிக்கு 20,000 முறை போய் முட்டும். 48 வோல்ட்டில் ஒரு முட்டுக்குச் சராசரி 200 ஆம்பியர், 4 மைக்ரோ நொடி என்று தோராயமாகப் பிடித்தாலே 38 மில்லி ஜூல். மொத்தம் 770 வாட்டுக்குப் பக்கம். அது முழுவதும் மாஸ்ஃபெட்டிலும் செம்பிலும்தான் சூடாகிறது. இடையில் எஸ்பிஐ வழியாகப் போய்ப் பார்த்தால் ஃபால்ட் பிட் அழிந்திருக்கும், எல்லாம் நலம் என்று சொல்லும்.

வட்டமாகச் சுற்றும் மின்விசிறிக்கு இந்தப் பிடிவாதம் பொருந்தலாம். நிலை பார்த்து நகரும் இயந்திரத்தில் டிரைவ் தானாக அணைந்து தானாக எழுவது ஆபத்து. ஓவர்கரண்ட் முறையை லாட்ச்சில் வையுங்கள், அதாவது 7, 6 பிட்டுகள் 00. ஒருமுறை விழுந்தால் விழுந்தபடியே கிடக்க வேண்டும். ஆள் பார்த்து, காரணம் படித்து, பிறகு எழுப்பட்டும்.

வரம்பை எங்கே வைப்பது

பதினாறு படிகள் உண்டு: 0.06, 0.13, 0.2, 0.26, 0.31, 0.45 என்று தொடங்கி 1.88 வோல்ட் வரை. மேலே சொன்ன 2 மில்லி ஓம் மாஸ்ஃபெட்டுக்கே கணக்குப் போடுவோம். சூடானால் அதன் ஓம் கூடும். 125 டிகிரியில் 1.7 மடங்கு என்று எடுத்தால் 3.4 மில்லி ஓம்.

0.13 வோல்ட்டில் வைத்தால் குளிர்ந்த நிலையில் 65 ஆம்பியரில் ட்ரிப் ஆகும், கேட்க நன்றாக இருக்கும். சூடான பிறகு அதே 0.13 வோல்ட் 38 ஆம்பியரிலேயே வந்துவிடும். உச்ச கரண்ட் 40 ஆம்பியர். காலையில் ஒழுங்காக ஓடிய இயந்திரம் மதியம் வேகமெடுக்கும்போதெல்லாம் காரணமில்லாமல் நிற்கும். கேபிளையும் மோட்டாரையும் மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். 0.2 வோல்ட் என்றால் குளிரில் 100, சூட்டில் 59 ஆம்பியர். இதுதான் சரி. வடிகட்டும் நேரத்தை 2 மைக்ரோ நொடிக்கு இறக்கினால் மேலே ஏறுவது 96 ஆம்பியர். மொத்தம் 200-க்குப் பக்கம். மாஸ்ஃபெட்டின் டேட்டாஷீட்டில் குறுந்துடிப்பு கரண்ட் எல்லை அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு மாஸ்ஃபெட்.

இந்த 59-க்கும் 100-க்கும் உள்ள இடைவெளியே ஒரு செய்தி சொல்கிறது. இந்தக் காவல் ஷார்ட்டுக்கானது. ஓவர்லோடுக்கானது அல்ல. 50 ஆம்பியரில் பத்து நொடி மோட்டார் வதங்கினாலும் சில் வாய் திறக்காது.

மேல்பக்க மாஸ்ஃபெட்டின் வோல்டேஜை அது விடிரெயின் பின்னுக்கும் ஃபேஸ் முனைக்கும் இடையே அளக்கிறது. அந்தப் பின்னை ஏதோ ஒரு சப்ளைச் செம்பில் ஒட்டிவிட்டால், செம்பில் விழும் வோல்டேஜும் கணக்கில் சேரும். அரை மில்லி ஓம் செம்பு கூடினாலே அளவு கால் பங்கு கூடிவிடும். மூன்று மேல்பக்க டிரெயின்களும் சேரும் இடத்திலிருந்து தனித் தடம் இழுத்து அந்தப் பின்னுக்குக் கொடுக்க வேண்டும்.

ஷண்ட் வழியாகவும் ஒரு ஓவர்கரண்ட் காவல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அதன் வரம்புகள் 0.25, 0.5, 0.75, 1 வோல்ட். 1 மில்லி ஓம் ஷண்ட்டில் மிகத் தாழ்ந்த வரம்பே 250 ஆம்பியர். காகிதத்தில் மட்டும் இருக்கும் காவல் இது. 0.25-இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

கேட் பக்கம்: மெச்ச வேண்டிய இடம்

குறை சொன்ன வாயாலேயே இதைச் சொல்ல வேண்டும்: மேல், கீழ் மாஸ்ஃபெட் இரண்டும் ஒன்றாகத் திறந்து சப்ளையை ஷார்ட் செய்வதை இந்தச் சில் தடுக்கும் விதம் அருமை. ஒரு கேட் உண்மையில் இறங்கிவிட்டதா என்று அதன் வோல்டேஜைப் பார்த்த பிறகுதான் அடுத்ததை ஏற்றுகிறது. ஆறு பிடபிள்யூஎம் முறையில் ஃபர்ம்வேர் (கண்ட்ரோலரில் ஓடும் நிரல்) பிழையால் ஒரே ஃபேஸின் இரண்டு உள்ளீடும் உயர்ந்தாலும் இரண்டு மாஸ்ஃபெட்டையும் அணைத்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் சுவிட்ச் ஆகும் நேரத்தில் அணைந்திருக்கும் கேட்டை 2 ஆம்பியர் பலத்தோடு கீழே பிடித்து வைக்கிறது. தனித்தனி உதிரிகளால் கட்டிய கேட் சுற்றில் இந்த மூன்றையும் கொண்டுவர போர்டில் இடமும் போதாது, பொறுமையும் போதாது.

ஆனால் இங்கேயும் டீஃபால்ட் கை சுடும். கேட் கரண்ட் முழு அளவில், 1 ஆம்பியர் தள்ள 2 ஆம்பியர் இழுக்க, என்றுதான் பவர் ஆகிறது. சிறிய மாஸ்ஃபெட்டை அந்த வேகத்தில் அடித்தால் ஃபேஸ் முனை மணி போல அதிரும். அந்த அதிர்வே பொய் ஓவர்கரண்டாகவும், ஷண்ட் அளவில் குப்பையாகவும், சில சமயம் ஃபேஸ் பின் பூமிக்குக் கீழே போய்ச் சில்லையே கொல்வதாகவும் வரும்.

கணக்கு எளிது. மாஸ்ஃபெட்டின் கேட்-டிரெயின் சார்ஜ் 15 நானோ கூலூம், ஏறும் நேரம் 100 நானோ நொடி வேண்டும் என்றால் 150 மில்லி ஆம்பியர் தேவை. படிகளில் 140 இருக்கிறது, அதை எடுங்கள். இறங்க அதன் இரட்டிப்பு, 280. எடுத்த பிறகு நிறுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு: டிடிரைவ் என்னும் நேரம். கேட் இத்தனை நேரத்துக்குள் முழுதாக ஏறவில்லை என்றால் கேட் பழுது என்று சில் அறிவிக்கும். மொத்த கேட் சார்ஜ் 80 நானோ கூலூம் என்றால் 140 மில்லி ஆம்பியரில் 570 நானோ நொடி ஆகும். டிடிரைவை 500-இல் வைத்தால் நல்ல மாஸ்ஃபெட்டையே பழுது என்று சொல்லிக்கொண்டிருக்கும், 1000 போதும். டீஃபால்ட் 4000, அதில் பொய் அலாரம் வராது. ஆனால் நிஜமாகவே கேட்-சோர்ஸ் ஷார்ட் ஆன மாஸ்ஃபெட்டுக்குள் 4 மைக்ரோ நொடி கரண்டைத் தள்ளிய பிறகே விழித்துக்கொள்ளும்.

மேல்பக்கத்துக்கு உணவளிக்கும் சார்ஜ் பம்ப் சராசரி 25 மில்லி ஆம்பியர் தாங்கும். 80 நானோ கூலூம், 20 கிலோ ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ் என்றால் 4.8 மில்லி ஆம்பியர்தான். கவலை வேண்டாம். பம்ப்பின் 47 நானோ ஃபேரட், 1 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர்களைப் பின்னுக்கு ஒட்டியே வையுங்கள், அவ்வளவுதான்.

என்ன சொல்கிறது, எப்படிக் கேட்பது

ஃபால்ட் பின்னை மைக்ரோகண்ட்ரோலரின் சாதாரண உள்ளீட்டில் மாட்டி இன்டரப்ட் எழுதுவது பாதி வேலை. பிடபிள்யூஎம் டைமரின் பிரேக் உள்ளீட்டிலும் அதை இணையுங்கள். ஃபர்ம்வேர் தூங்கினாலும் வன்பொருளே துடிப்பை நிறுத்தும். பின் திறந்த டிரெயின் வகை, தாழ்த்த மட்டுமே முடியும்; மேலே இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இல்லாமல் அது தானாக உயராது.

அதே தவறு எஸ்பிஐ-இலும் நடக்கிறது, அங்கே கண்டுபிடிக்கவும் கடினம். தரவு வெளியே வரும் பின்னும் திறந்த டிரெயின். புல்-அப் மறந்தால் எழுதுவது எல்லாம் போய்ச் சேரும், மோட்டாரும் ஓடும். வாசிப்பது மட்டும் பெரும்பாலும் பூஜ்யம், அதாவது “ஃபால்ட் எதுவும் இல்லை”. பல போர்டுகளில் கண்காணிப்பு வருடக்கணக்கில் இப்படிப் பொய் சொல்லிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. 10 கிலோ ஓம் போட்டு வேகமான கடிகாரம் கொடுத்தாலும் விளிம்பு சோம்பலாக ஏறி பிட் தவறும்; 2.2 கிலோ ஓம், 1 மெகா ஹெர்ட்ஸ் நிம்மதி. சட்டகம் 16 பிட்: ஒரு வாசி-எழுது பிட், நாலு முகவரி, பதினொன்று தரவு. கடிகாரத்தின் இறங்கு விளிம்பில் தரவைப் பிடிக்கிறது, ஆக எஸ்பிஐ முறை 1. பவர் ஆனவுடன் ஹெக்ஸ் 05-ஐ வாசித்து 159 வருகிறதா பாருங்கள். வந்தால் கம்பி சரி. வராவிட்டால் கேட்டைத் திறக்கவே வேண்டாம்.

ஃபால்ட் விவரம் 00, 01 முகவரிகளில் இருக்கிறது. 00-இல் 10-ஆம் பிட் பொதுவான ஃபால்ட், 9 ஓவர்கரண்ட், 8 கேட் பழுது, 7 சப்ளை தாழ்வு, 6 அதிசூட்டு அணைப்பு. 5 முதல் 0 வரை ஏ மேல், ஏ கீழ், பி மேல், பி கீழ், சி மேல், சி கீழ். ஹெக்ஸ் 610 என்று வந்தால் ஏ ஃபேஸின் கீழ்ப்பக்கத்தில் ஓவர்கரண்ட். 608 என்றால் பி மேல்பக்கம். 618 என்றால் இரண்டும்: மோட்டார் கேபிளில் ஏ-பி ஷார்ட்டை முதலில் தேடுங்கள். மேல்பக்க பிட் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், ஃபேஸ் கம்பி இயந்திரத்தின் உடம்பைத் தொட்டிருக்கலாம். இது முக்கியமான இடம், ஏனென்றால் ஷண்ட்கள் கீழ்ப்பக்கத்தில் இருக்கின்றன. மேல்பக்கத்திலிருந்து நேராக பூமிக்குப் போகும் கரண்ட் அவற்றின் வழியே போவதே இல்லை. ஏடிசி-இல் (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) எல்லாம் அமைதியாக இருக்க, மாஸ்ஃபெட் வோல்டேஜ் காவல் மட்டுமே அதைப் பார்க்கும்.

ஒழுங்கு முக்கியம்: முதலில் இரண்டு ரெஜிஸ்டரையும் வாசி, பிறகு அந்த நேரத்து மூன்று கரண்ட், சப்ளை வோல்டேஜ், வேகம், கட்டளை கரண்ட் எல்லாவற்றையும் சேமி, கடைசியில் அழி. அழித்துவிட்டு வாசிக்கும் ஃபர்ம்வேர்தான் அதிகம். அழிக்க 02-ஆம் ரெஜிஸ்டரின் 0-ஆம் பிட்டில் 1 எழுதலாம், அல்லது எனேபிள் பின்னை 20 மைக்ரோ நொடி தாழ்த்தி உயர்த்தலாம்.

இந்த எனேபிள் பின் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு மில்லி நொடிக்கு மேல் தாழ்த்தி வைத்தால் சில் உறங்கிவிடும். எழும்போது எல்லா ரெஜிஸ்டரும் டீஃபால்ட்டுக்குத் திரும்பியிருக்கும். அதாவது முழு கேட் கரண்ட், 0.75 வோல்ட் வரம்பு, தானாகத் திரும்ப முயலும் முறை. அவசர நிறுத்தப் பொத்தானை எனேபிளில் இணைத்த போர்டில், பொத்தானை அழுத்தி விடுவித்த பிறகு இயந்திரம் முன்பு போலவே ஓடும், ஆனால் காவல் இல்லாமல். அடுத்த ஷார்ட்டில் மாஸ்ஃபெட் வெடிக்கும்போது யாருக்கும் காரணம் புரியாது. எனேபிள் உயர்ந்தவுடன் 1 மில்லி நொடி காத்திருந்து, எல்லா அமைப்பையும் மறுபடி எழுதி, வாசித்து ஒப்பிட்டு, 03-ஆம் ரெஜிஸ்டரின் பூட்டு பிட்டுகளில் 110 எழுதிப் பூட்டுங்கள். பூட்டிய பிறகும் ஃபால்ட் அழிக்கும் பிட் வேலை செய்யும். ஓடும்போதும் 10 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒரு ரெஜிஸ்டர் என்று சுற்றி வாசித்து ஒப்பிட்டுக்கொண்டிருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் நிறுத்த வேண்டியதுதான்.

சூட்டு எச்சரிக்கை சில்லின் உள்வெப்பம் 150 டிகிரியை நெருங்கும்போது வருகிறது, அணைப்பு 170 பக்கம். எச்சரிக்கையை ஃபால்ட் பின்னிலும் காட்டச் சொல்லும் பிட் ஒன்று உண்டு. பின்னை டைமரின் பிரேக்கில் மாட்டியவர்கள் அதைத் தொடாதீர்கள்: எச்சரிக்கை என்று நினைத்தது இயந்திரத்தை நிறுத்திவிடும். 01-ஆம் ரெஜிஸ்டரின் 7-ஆம் பிட்டை வாசித்தாலே போதும். எப்படியும் அது சில்லின் சூடு, மாஸ்ஃபெட்டின் சூடு அல்ல. மாஸ்ஃபெட்களுக்கு நடுவே 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் ஒன்றைத் தனியாக வைத்து ஏடிசி-இல் படியுங்கள். போர்டு 85 டிகிரியில் கரண்டைக் குறைக்கத் தொடங்கி 110-இல் பூஜ்யமாக்குங்கள். தெர்மிஸ்டர் பூமிப் பக்கமும் ரெசிஸ்டர் மேலேயும் இருந்தால், கம்பி அறுந்தபோது ஏடிசி முழு அளவு காட்டும், அது “மிகக் குளிர்ச்சி” என்று அர்த்தமாகும். மைனஸ் 30-க்குக் கீழே எது வந்தாலும் அதை வெப்பநிலையாக எடுக்காமல் ஃபால்ட்டாக எடுங்கள்.

கரண்ட் அளவு

மூன்று ஆம்ப்ளிஃபயர்களின் பெருக்கம் 5, 10, 20, 40. 3.3 வோல்ட் ஆதாரத்தில் நடுப்புள்ளி 1.65, இரு பக்கமும் 1.4 வோல்ட் நம்பிப் பயன்படுத்தலாம். 1 மில்லி ஓம், பெருக்கம் 20 என்றால் எல்லை 70 ஆம்பியர். 40 உச்சத்துக்கு இது வசதி. ஷண்ட்டை 2 மில்லி ஓம் ஆக்கினால் 35-இல் முட்டிவிடும், கரண்ட் லூப் கண்மூடிவிடும். குறி தலைகீழ் என்பதையும் நினைவில் வையுங்கள்: கரண்ட் ஏற வெளியீடு இறங்கும். குறி மாறிய கரண்ட் லூப் முதல் எனேபிளிலேயே முழு வேகத்தில் ஓடிப் போய் முட்டும்.

ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் உள்ளீட்டை ஷார்ட் செய்து ஆஃப்செட் பார்க்கும் பிட் உண்டு, இதை விட்டுவிடாதீர்கள். துவக்கத்தில் 256 மாதிரிகளின் சராசரி எடுங்கள். 1.65-இலிருந்து 100 மில்லிவோல்ட் விலகினால் எனேபிளை மறுத்துவிடுங்கள். ஷண்ட் தடமோ சில்லோ அடி வாங்கியிருக்கிறது.

கீழ்ப்பக்க ஷண்ட் என்பதால் கீழ் மாஸ்ஃபெட் திறந்திருக்கும்போது மட்டுமே அளவு உண்மை. 20 கிலோ ஹெர்ட்ஸில் 95 சதவீத டியூட்டி (மேல் மாஸ்ஃபெட் திறந்திருக்கும் பங்கு) என்றால் கீழே திறந்திருப்பது 2.5 மைக்ரோ நொடி. அதிர்வு அடங்க, ஆம்ப்ளிஃபயர் நிலைக்க, ஏடிசி பிடிக்க என்று எல்லாம் அதற்குள். டியூட்டியை அங்கேயே வெட்டுங்கள், அல்லது குறுகிய ஃபேஸை விட்டுவிட்டு மற்ற இரண்டிலிருந்து கணக்கிடுங்கள்.

சில் பார்க்காதவை

அதிக வோல்டேஜ் காவல் இல்லவே இல்லை. 60 வரை இயக்கலாம், 65-இல் முழு எல்லை. 48 வோல்ட் சப்ளையில் இது இடுக்கு. மோட்டார் பிரேக் போடும்போது இயந்திரத்தின் சுழல் ஆற்றல் சப்ளைக்குத் திரும்பும். 20 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர் நிலைமம், 3000 ஆர்பிஎம் என்றால் 99 ஜூல். போர்டில் 2000 மைக்ரோ ஃபேரட் இருந்தால் 48-இலிருந்து 60 வோல்ட் ஏற அது வாங்கிக்கொள்வது 1.3 ஜூல் மட்டும். மீதி எங்கே போகும்? டிவிஎஸ் டயோடு (உச்ச வோல்டேஜை வெட்டும் டயோடு) போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். 600 வாட் வகை ஒரு துடிப்புக்கு ஒரு ஜூல் அளவே தாங்கும். பிரேக் சாப்பர் வேண்டும்: 54 வோல்ட்டில் திறந்து 52-இல் மூடும் ஒப்பீட்டுச் சுற்று, தனி மாஸ்ஃபெட், 4.7 ஓம் ரெசிஸ்டர். உச்சத்தில் 11.5 ஆம்பியர், 620 வாட். இரண்டு நொடிக்கு ஒரு நிறுத்தம் என்றால் சராசரி 50 வாட். 100 வாட் ரெசிஸ்டர் போட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். ஒப்பீட்டை ஃபர்ம்வேரில் செய்யாதீர்கள், கண்ட்ரோலர் தொங்கும் நேரம்தான் மோட்டார் தறிகெட்டு நிற்கும் நேரம். 48 வோல்ட்டில் கனமான சுமை என்றால் நேராக 100 வோல்ட் தாங்கும் அண்ணன் டிஆர்வி8353-க்குப் போய்விடுவது மேல்.

குறைந்த வோல்டேஜ் காவல் இருக்கிறது, ஆனால் அது சில் உயிர் பிழைக்கத் தேவையான 6 வோல்ட் பக்கம். 48 வோல்ட் சப்ளை 30-க்குச் சரிந்து ஆக்சிஸ் (இயந்திரத்தின் நகரும் அச்சு) பின்தங்கினாலும் அதற்குக் கவலையில்லை. சப்ளையை ஏடிசி-இல் படித்து 40-இல் நிறுத்துங்கள்.

ஓவர்லோடு முழுக்க உங்கள் பொறுப்பு. வழக்கமான ஐ ஸ்கொயர் டி போதும்: 15 ஆம்பியர் தொடர்ச்சி, 40 ஆம்பியர் 2 நொடி என்றால் இருப்பு 1600 கழித்தல் 225, அதை இரண்டால் பெருக்கினால் 2750. ஒவ்வொரு மில்லி நொடியும் கரண்டின் வர்க்கத்திலிருந்து 225-ஐக் கழித்து, நேரத்தால் பெருக்கிச் சேருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே விடாதீர்கள். 25 ஆம்பியரில் ஏறக்குறைய 7 நொடி தாங்கும். 2750-ஐத் தொட்டால் உடனே அணைக்காமல் 15-க்கு இறக்குங்கள். நடுவழியில் கருவி சிக்கி நிற்பதை விட மெதுவாகப் போய்ச் சேர்வது நல்லது. மோட்டார் அசையாமல் நிற்கும்போது முழுக் கரண்டும் ஒரே ஃபேஸில் குவியும், அதனால் நின்ற நிலைக்கு இருப்பைப் பாதியாக்குவது புத்திசாலித்தனம்.

வாட்ச்டாக் (கண்ட்ரோலர் தொங்கினால் கண்டுபிடிக்கும் காவல் டைமர்) கிடையாது. பழைய டிஆர்வி8305-இல் இருந்தது, இதில் எடுத்துவிட்டார்கள். ஏன் என்று புரியவில்லை. கண்ட்ரோலர் தொங்கினாலும் டைமர் கடைசி டியூட்டியில் துடித்துக்கொண்டே இருக்கும், சில்லுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கண்ட்ரோலரின் சுதந்திர வாட்ச்டாக்கோடு, கண்ட்ரோல் லூப் தட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் எனேபிளை உயர்த்திப் பிடிக்கும் ஒரு மோனோஸ்டேபிள் (தட்டுவது நின்றால் தானாக இறங்கும் சுற்று) வைப்பது செலவில்லாத காவல்.

கடைசியாக, ஃபால்ட் வந்தால் சில் செய்வது ஆறு கேட்டையும் மூடுவது. மோட்டார் சுதந்திரமாகச் சுழலும். கிடைமட்ட ஆக்சிஸ் ஓடி நிற்கும், செங்குத்து ஆக்சிஸ் விழும். விழுவதைப் பிடிக்க பவர் போனால் மூடும் பிரேக் வேண்டும். பிரேக் மூட எடுக்கும் பத்துக்கணக்கான மில்லி நொடியில் எவ்வளவு இறங்கும் என்று அளந்து வையுங்கள். மனிதர் கை போகும் இடத்தில் ஐஇசி 61800-5-2 சொல்லும் பாதுகாப்பான டார்க் நிறுத்தம் தேவையென்றால், இந்தச் சில்லின் எனேபிள் பின் ஒன்று மட்டும் அதற்கு ஈடாகாது. கேட் சப்ளையையும் உள்ளீடுகளையும் இரண்டு தனி வழியில் வெட்டும் சுற்று வேண்டும்.

ஓட்டும் முன் சோதனை

24 வோல்ட், அரை ஆம்பியர் எல்லை வைத்த பெஞ்ச் சப்ளையில், மோட்டார் இல்லாமல் ரெஜிஸ்டர் வாசிப்பில் தொடங்குங்கள். பிறகு தெர்மிஸ்டரைப் பிடுங்குங்கள், எஸ்பிஐ கம்பியைப் பிடுங்குங்கள், டீபக்கரால் கண்ட்ரோலரை நிறுத்துங்கள். மூன்றிலும் பிடபிள்யூஎம் நிற்க வேண்டும். மோட்டாரை மாட்டி, வரம்பை வேண்டுமென்றே 0.06-க்கு இறக்கிச் சுமை ஏற்றுங்கள். 2 மில்லி ஓம் மாஸ்ஃபெட்டில் 30 ஆம்பியர் பக்கம் ட்ரிப் வர வேண்டும், வந்த ஃபேஸும் பதிவும் பொருந்த வேண்டும். 45 ஆம்பியரில் வந்தால் விடிரெயின் தடத்தைச் சந்தேகிக்க வேண்டாம், அது ட்ரிப்பை முன்னே இழுக்குமே தவிர தள்ளாது. எழுதிய மதிப்பு உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று வாசித்துப் பாருங்கள்.

கடைசிச் சோதனை எல்லோரும் தள்ளிப்போடும் ஒன்று: 0.2 வோல்ட், 2 மைக்ரோ நொடி, லாட்ச் என்று வைத்து, ஆம்ப்ளிஃபயரை அணைத்த நிலையில் கேபிள் முனையில் ஏ-பி இரண்டையும் தடித்த குட்டைக் கம்பியால் இணைத்து, முழு சப்ளையில், கண்ணாடி போட்டுக்கொண்டு எனேபிள் கொடுப்பது. ஆஸிலாஸ்கோப்பில் ஒரே ஒரு கரண்ட் முள் தெரிய வேண்டும். இரண்டாவது முள் தெரிந்தால் சப்ளையை உடனே வெட்டிவிட்டு 05-ஆம் ரெஜிஸ்டரின் 7, 6 பிட்டுகளைப் பாருங்கள்.